ஐநூறு டிகிரி என்று எழுதிய பக்கம்

ஜஹானாரா ஆராய்ச்சியில் சேர்ந்து ஏழு வருஷம். அன்றைக்கு ஒரு பிள்ளை பிறந்திருந்தால் இப்போது இரண்டாம் வகுப்பு போய்க்கொண்டிருக்கும். எப்போது முடியும் என்று கேட்பதைக் கணவர் முனீரே விட்டுவிட்டார். காலையில் குரோம்பேட்டையில் ரயிலேறி, தாம்பரம் தாண்டி இருந்த கல்லூரிக்குப் போவாள். சாயங்காலம் அதே களைப்போடு திரும்புவாள்.

அவள் கட்டிக்கொண்டு அழுதது ஒரு வெள்ளைப் பொடியோடு. நியோபியம் என்ற உலோகத்திலிருந்து செய்வது. பார்க்க மைதா மாவுதான், ஆனால் உள்ளே கடுமையான அமிலம். கந்தக அமிலம் செய்கிற வேலையைக் கையைச் சுடாமல் செய்யும். வேலை முடிந்ததும் வடிகட்டி எடுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். ஒரே சங்கடம், உலையில் ஐநூறு டிகிரிக்குச் சுட்டால் அமிலம் செத்துப் போகும். இது உலகத்துக்கே தெரியும். சாகவில்லை என்று சொன்னவள் ஜஹானாரா ஒருத்திதான். அவளுடைய ஆய்வேடே அந்த ஒரு வரிதான்.

சும்மா சொல்லவில்லை, கண்ணால் பார்த்தாள். இரண்டாயிரத்து ஐந்தில் சுட்ட பொடியில் நிறமில்லாத சாயத்துளியை விட்டதும் பளிச்சென்று மஞ்சளானது; அமிலம் உயிரோடு இருப்பதற்கு அதுதான் அடையாளம். கட்டுரையும் வெளிவந்தது. நெறியாளர் ரமா மேடம் மூன்று மாநாடுகளில் அதைப் பேசிவிட்டு வந்தார். பாழாய்ப்போன மஞ்சள் அதற்கப்புறம் வரவேயில்லை! மழை ஈரம் என்றாள், புட்டி சரியில்லை என்றாள், மூன்று வருஷம் சுட்டுச் சுட்டுப் பார்த்தாள். பழைய எண்களை வைத்தே எழுதி முடி என்று மேடம் சொல்ல, ஆய்வேடு பைண்டிங்குக்குப் போகிற நிலைக்கு வந்தது. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று உலையைத் திறந்தாள்.

அப்போதுதான் அட்டெண்டர் மாணிக்கவேல் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். மறுநாள் விடுமுறை என்பதால் அன்றைக்கே ஆயுத பூஜை.

"இன்னிக்கு அதப் போடாதீங்க மேடம், பூஜை கீது. மூணு வருசம் முன்னாடி பூஜையன்னிக்கு நீங்க நோன்பு தொறக்க ஓடிட்டீங்க. நான்தான் முந்நூறுலயே அமுத்திட்டேன். சூட்டு மேல சந்தனம் நிக்காது பாருங்க."

ஜஹானாரா பழைய நோட்டைத் தேடி எடுத்துப் புரட்டினாள். நோன்பும் பூஜையும் சேர்ந்து வந்த அந்த வருஷம்தான் மஞ்சளும் வந்தது. உலை மெதுவாக ஏறும் என்று நம்பி நாலு மணிக்கே கிளம்பியிருந்தாள். ஏற்றும்போதே நோட்டில் எழுதிவிடுவது அந்த ஆய்வகத்து வழக்கம். அவளும் 'ஐநூறு டிகிரி' என்று எழுதிவிட்டுத்தான் போனாள்.

விஜயதசமி கழிந்து, முந்நூறில் நிறுத்திச் சுட்டுப் பார்த்தாள். துளி விழுந்ததும் மஞ்சள். முந்நூறில் சுட்டால் மஞ்சள் வரும் என்று பாடப்புத்தகமே சொல்கிறதே, அதைக் கண்டுபிடிக்கவா ஏழு வருஷம்? அழக்கூட அலுப்பாக இருந்தது. வாயை மூடிக்கொண்டால் பட்டம் வரும், யாரும் சுட்டுப் பார்க்கப் போவதில்லை. ஆனால் தூரத்தில் எவளோ ஒருத்தி இந்தக் கட்டுரையை நம்பி இதே மாதிரி சுட்டுச் சுட்டுச் சாவாளே என்று நினைத்தபோது, அந்த எவளோ ஒருத்தி மேல் அவளுக்குப் பரிதாபம் பொங்கியது.

நோட்டை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனாள். ஐநூறு தப்பு, உலை முந்நூறிலேயே அணைந்துவிட்டது, கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றாள். மேடம் அந்தப் பக்கத்தைப் படித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"யாரு ஆஃப் பண்ணது?"

மாணிக்கவேலுக்கு ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. கதவுக்கு வெளியே அவர் தரை துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் மேடம். நோன்பு அவசரம். மறந்துபோய் பாதியிலயே ஆஃப் பண்ணிட்டுப் போயிட்டேன்."

"ஏழு வருஷத்துல இதுதான் கத்துக்கிட்டியா?"

ஜஹானாரா நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆபீஸுக்குப் போய் ஓராண்டு நீட்டிப்புக் கேட்கும் படிவத்தை வாங்கினாள். 'காரணம்' என்ற கட்டத்தில், என் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.