குன்னத்தில் மழை வேண்டாமென்று கேட்டேன்

மாதாவைத் தேடி வந்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, திருமழபாடிக்குப் பக்கத்தில் கொள்ளிடக் கரைதான் எங்கள் ஊர். என் பெயர் ஆரோக்கியமேரி. செம்மறி ஆடுதான் பிழைப்பு. எனக்கு வாய் நீளம். மாதாவிடமும் அப்படித்தான் பேசுவேன்.

போன ஆடியில் ஆற்றில் பெருவெள்ளம். ஆடுகளை மேட்டில் ஏற்றிக் காப்பாற்றிவிட்டோம். தண்ணீர் வடிந்த பிறகுதான் வயிறு எரிந்தது. ஆடு மேயும் படுகை முழுக்க மணல் மூடிக் கிடந்தது. ஒரு புல் இல்லை. சினை ஆடுகளுக்கெல்லாம் விலா எலும்பு தெரிந்தது. என் வீட்டுக்காரர் சவரிமுத்து மந்தையை வடக்கே இரண்டு நாள் நடையில் இருக்கும் குன்னம் பக்கம் ஓட்டிப் போனார். விதைப்புக்கு முன்னால் அங்கே வயலில் கிடை போடச் சொல்வார்கள். ராத்திரி ஆட்டை அடைத்தால் நிலத்துக்கு எரு, பகலில் எங்களுக்கு மேய்ச்சல். மழை வந்தால் வெட்டவெளியில் குட்டிகள் தாங்காது. அதனால் தினமும் ஜெபமாலை சொல்லி, "தாயே, குன்னத்தில் மழை மட்டும் வேண்டாம்" என்று கெஞ்சினேன்.

அவர் போன பிறகு அறிவிப்பு வந்தது. மேய்ச்சல் அழிந்தவர்களுக்கு அரசாங்கம் தீவனப் பணம் தருமாம். கால்நடை டாக்டரம்மா வந்து ஆட்டை நேரில் பார்க்க வேண்டும். எங்கள் ஊருக்கு வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான். என் வீட்டுக்காரர் போனோ சுவிட்ச் ஆஃப். எந்த வயலில் இருக்கிறாரோ, யாரை அனுப்புவது? கிடை முடிந்தால் தீவனம் வாங்கித்தான் போட வேண்டும். பணம் வராவிட்டால் சினை ஆடுகள் கறிக்குத்தான். வியாபாரி சனிக்கிழமை விலை பேச வருவதாகச் சொல்லிவிட்டார். வயிற்றில் குட்டியோடு ஆட்டைக் கறிக்கு அனுப்புவது பாவம் இல்லையா?

வியாழக்கிழமை, குன்னத்தில் முந்தாநாள் கொட்டித் தீர்த்த மழை என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு வந்ததே கோபம். "இதைக்கூடக் கேட்க மாட்டியா?" என்று மாதா படத்துக்கு முன்னால் எரிந்த மெழுகுத்திரியை ஊதி அணைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா வந்தார். பட்டி காலி. புல் இல்லாமல்தான் வீட்டுக்காரர் ஓட்டிப் போனார் என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஊர்ல ஆடே இல்லாதப்ப, ஊர்ல மேய்ச்சல் போச்சுன்னு நான் எப்படிம்மா எழுதுறது?"

அவர் கேட்டதில் தப்பில்லை. மற்றவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டுக் கடைசியாக இங்கே வாருங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். பார்த்துவிட்டார். மதியம் தாண்டி ஜீப் கிளம்பிற்று. நான் குறுக்கே போய் நின்றேன். இந்த நீள வாய் அன்றைக்குத் திறக்கவே இல்லை. மனசுக்குள் "தாயே" என்ற ஒரு வார்த்தைதான்.

வாய்க்கால் கரைப் பக்கம் ஆடு கத்தும் சத்தம் கேட்டது. தொடை வரை சேறோடு சவரிமுத்து வந்தார், முன்னால் எங்கள் மந்தை.

"மழை பெஞ்சிடுச்சு, ஏர் ஓட்டணும், கிளம்புங்கன்னுட்டாரு நிலத்துக்காரரு. வேற எங்க போறதுன்னு வூட்டுக்கே ஓட்டியாந்துட்டேன்" என்றார்.

நான் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். வழியில் ஒரு குட்டி செத்துப்போயிருந்தது, அதை மறைக்க மாட்டேன். டாக்டரம்மா ஜீப்பை விட்டு இறங்கி எல்லா ஆட்டையும் பார்த்து எழுதினார். அந்தத் தைரியத்தில் வியாபாரியைத் திருப்பி அனுப்பினேன். புரட்டாசியில் பணம் வந்தது, கடலைக்கொடி வாங்கிப் போட்டோம். சினை ஆடுகள் எல்லாம் நல்லபடியாகக் குட்டி போட்டன.

நான் வேண்டாமென்று அழுத மழைதான் என் மந்தையை வீட்டுக்கு ஓட்டி வந்தது. இப்போதும் வேண்டியதைக் கேட்கிறேன், சண்டையும் போடுகிறேன். நீங்களும் கேளுங்கள். கேட்டது நடக்காவிட்டால் திட்டக்கூடத் திட்டுங்கள், தாய்தானே. மெழுகுத்திரியை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.