ஈரத்துணிக்காரரின் வண்டி

மின் அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் ஈரத்துணிக்காரர். முப்பது வருடம் மலைப்பாதையில் ஜீப் ஓட்டியவர் என்பதெல்லாம் ஓய்வுச் சான்றிதழில் இருக்கும். ஆட்கள் ஞாபகம் வைத்திருந்தது அந்தத் துணியைத்தான். மேட்டில் ஏறும்போது சூடு தாங்காமல் ஜீப் விக்கி விக்கி நின்றுவிடும். அவர் அலட்டிக்கொள்ளாமல் இறங்குவார். பானட்டைத் திறந்து, சீட்டுக்கடியில் இருக்கும் துணியை நனைத்துப் பெட்ரோல் பம்ப்பின்மேல் போடுவார். பன்னிரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் யார் சாவியைத் திருகினாலும் அது மசியாது. பன்னிரண்டாவது நிமிடம் அவர் கை பட்டால் ஒரே திருகில் உறுமிக்கொண்டு கிளம்பும். அப்போது அவர் முகத்தில் ஒரு பெருமிதம் வரும் பாருங்கள், ஏதோ அவரே பெற்றெடுத்த வண்டி மாதிரி.

இந்த மாடல் ஜீப் என்றாலே மேட்டில் படுத்துவிடும் என்பது ஊரறிந்த விஷயம். அலுவலகப் பட்டறையில் மூன்று முறை பம்ப்பை மாற்றிப் பார்த்துவிட்டுக் கைகழுவிவிட்டார்கள். அதில் அவருக்கு உள்ளூர சந்தோஷம்தான். அதன்பிறகு அந்த பானட்டை வேறொருவர் திறக்க அவர் விட்டதே இல்லை.

அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, அதே அலுவலகத்தில் லைன்மேனாக இருந்தான். இருபத்தொரு வருடத்துக்கு முன்னால், மலைக்கு அந்தப்பக்கம் வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு கம்பம் சரிந்து அவன் காலில் விழுந்தது. மருத்துவமனை மலைக்கு இந்தப்பக்கம். வழியில் ஜீப் மூன்று இடத்தில் நின்றது. மூன்றாவது முறை ஏழாம் வளைவில். துணி போதாமல் இவர் தன் சட்டையையும் கழற்றி நனைத்துப் போட்டுவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பின்சீட்டில் மச்சான் அலறுவதை நிறுத்தியிருந்தான். அலறியபோதுகூட அவருக்கு அவ்வளவு பயமாக இல்லை.

"அரைமணி நேரம் முன்னாடி வந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

மச்சான் ஒருநாளும் அவரைக் குறை சொன்னதில்லை. "நீங்க என்ன பண்ணுவீங்க மாமா? அந்தப் பாழாப்போன வண்டி அப்படி" என்பான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கட்டையை ஊன்றிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வருவான். சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் சேர்ந்து ஜீப்பை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். திட்டித் திட்டியே இருபத்தொரு வருடம் முகம் பார்த்துச் சாப்பிட்டார்கள். பழியைத் தூக்கிச் சுமக்க அந்த வண்டி மட்டும் இல்லாமல் போயிருந்தால் அந்த மேஜையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கவே முடியாது. இது அவருக்கும் தெரியும், அவர் மனைவிக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அவர் ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் ஜீப் ஏலத்துக்கு வந்தது. வீட்டில் உட்கார்ந்து சுவரையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துச் சலித்துப்போயிருந்த மனிதர், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மலை உச்சியில் இருக்கும் செல்போன் கோபுரத்துக்கு வாரம் இரண்டு நடை ஆட்களையும் சாமானையும் ஏற்றிப்போக வண்டி தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். மச்சானும் தன் பெட்டிக்கடையை விற்றுப் பாதிக்குப் பாதி போட்டான்.

மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "என் தம்பி காலைத் தின்ன வண்டி, என் வாசல்லயா வந்து நிக்கணும்? உங்களுக்குக் கொஞ்சமாவது மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

மச்சான்தான் சமாதானம் சொன்னான். "காலை வாங்கிச்சுல்ல அக்கா? இனிமே உக்காந்து சோறு போடட்டும் விடு." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

ஏல அறையில் குமாஸ்தாவுக்கு மனசு கேட்கவில்லை. "இது எப்படிப்பட்ட வண்டின்னு தெரிஞ்சேவா வாங்குறீங்க?"

"தெரிஞ்சவன்தானேப்பா வாங்கணும்" என்றார் இவர், காலரைத் தூக்கிவிடாத குறையாக.

வண்டியோடு அதன் காகிதங்களும் வந்தன. தினசரி ஓட்டம், பெட்ரோல், பழுது எல்லாம் டிரைவர் கைப்பட எழுதிய லாக் புத்தகங்கள் ஒரு கட்டு. மச்சான் அவற்றைக் கையெழுத்துப் போட்டு வாங்கித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். "வீட்ல சும்மாதானே கிடக்கேன், படிச்சா பொழுது போகும் மாமா."

முதல் நடையிலேயே வண்டி புத்தியைக் காட்டிவிட்டது. கோபுரத்து மேற்பார்வையாளர் முன்சீட்டில் இருக்க, ஏழாம் வளைவில் படுத்துக்கொண்டது. இவர் துணியைப் போட்டார். மேற்பார்வையாளர் பன்னிரண்டு நிமிடத்தையும் கைக்கடிகாரத்தில் எண்ணினார். கிளம்பியபிறகு சொன்னார்: "இதை நம்பி என் ஆளுங்களை ஏத்த முடியாதுங்க. ஒரு தடவை நிக்காம மேல வந்து காட்டுங்க, அப்புறம் பேசலாம்."

வேறு வழியில்லாமல், அலுவலகப் பட்டறைக்குப் பிறகு முதல்முறையாக பானட்டை இன்னொருவர் கையில் ஒப்படைத்தார். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட மெக்கானிக் ஒருவன். எரிந்து விழுவான், ஆனால் வேலையில் சுத்தம். தலையை உள்ளே விட்டான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"இந்தப் பெட்ரோல் குழாயை யாருங்க இப்படி மாத்தினது?"

"ஏன்?"

"கம்பெனியில அடிப்பக்கமாதான் கொண்டுபோயிருப்பான். இது என்னடான்னா சைலன்சர் குழாயை உரசிக்கிட்டு மேலால வருது. மேடு ஏறுனா அது பழுக்கப் பழுக்கச் சூடாகும். பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாயிடும், அப்புறம் வண்டி எப்படிப் போகும்? மாடல் மாடல்னு ஊரே திட்டுது. பம்ப்பு மேல துணி போட்டு என்ன புண்ணியம்?"

யார் மாற்றியது என்று அவருக்குத் தெரியாதா? அடிப்பக்கம் போகும் குழாய் பாறையில் அடிபட்டு அடிபட்டு ஒழுகுகிறதே என்று, ஒரு நாள் முழுக்க வண்டிக்கடியில் கிடந்து அவரேதான் அதை மேலே கொண்டுவந்தார். பெரிய அதிகாரி வந்து பார்த்து முதுகில் தட்டினார். அதற்கு முன்னால் இந்த ஜீப் மேட்டில் நின்றிருக்கிறதா? அங்கேயே நின்று யோசித்துப் பார்த்தார். ஒரு தடவையாவது நின்றிருக்காதா என்று ஏங்கி ஏங்கி யோசித்தார். மற்ற அலுவலக ஜீப்புகள் நின்றது ஞாபகம் வந்தது. அவருடையது நின்றதாக ஒன்றுகூட வரவில்லை.

"யாரோ ஆபீஸ்ல" என்றார். பிறகு, "அது அப்படியே இருக்கட்டும்ப்பா. பம்ப்பை மட்டும் மாத்து."

மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தான். "வியாதி என்னன்னு சொல்லியும் வேணாங்கிறீங்களே! நிக்கிற வண்டியை என் கடையிலேர்ந்து அனுப்பமாட்டேன். நாளைக்கு வாங்க."

அவன் உள்ளே போனதும் அவர் டேஷ்போர்டைத் துழாவினார், சீட்டுக்கடியில் துழாவினார். லாக் புத்தகம் எதுவும் அங்கே இல்லை. எல்லாம் மச்சான் வீட்டில் என்பது அப்புறம்தான் உறைத்தது.

மறுநாள் கூலி கொடுத்து வண்டியை எடுக்கப் போன மச்சான் பொங்கிக்கொண்டு வந்தான். "கேட்டீங்களா மாமா? எவனோ ஒரு முட்டாப்பய குழாயைச் சூட்டு மேல ஓட்டியிருக்கானாம். அதனாலதான் இத்தனை வருஷமும்! வண்டி பாவம், ஒண்ணுமே பண்ணல. அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னு வைங்க, இந்தக் கட்டையாலயே..."

"ஆமா" என்றார் அவர்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான்தாண்டா அது, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை அடித்திருப்பான், ஒருவேளை அழுதிருப்பான். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டார். விழுங்கத்தான் அவருக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் காலை மலை ஏறினார்கள். மச்சான் பக்கத்து சீட்டில், மடியில் ஒரு பழைய லாக் புத்தகம். வருட வாரியாகப் படித்துக்கொண்டு வருகிறானாம். "உங்க கையெழுத்து இருக்கே மாமா, கோழி கிளறின மாதிரி!" என்று சிரித்தான். அவர் ஓரக்கண்ணால் அட்டையைப் பார்த்தார். இருபத்தொரு வருடத்துக்கு முந்தைய புத்தகம்.

"அதை அப்புறம் படிச்சுக்கலாம் மச்சான். பாதையைப் பாரு, எவ்வளவு அழகா ஏறுது."

"பாதையை நான் பார்க்காததா? இருங்க, இதைக் கேளுங்க. 'இடது டயர் பஞ்சர். சரிசெய்யப்பட்டது.' 'ஹாரன் அடிக்கவில்லை. வாயால் கத்திச் சமாளிக்கப்பட்டது.' இதையெல்லாமா மாமா எழுதுவீங்க!" விழுந்து விழுந்து சிரித்தான். மூன்றாம் வளைவு, நான்காம் வளைவு. ஜீப் முக்கவில்லை, முனகவில்லை. பக்கத்தைப் புரட்டி, அதே கேலிக்குரலில் அடுத்ததையும் வாசித்தான்.

"'பெட்ரோல் குழாய் கல்லில் அடிபடுவதால், ஓட்டுநரின் சொந்த முயற்சியில், சைலன்சர் குழாயை ஒட்டி மேலாக மாற்றிப் பொருத்தப்பட்டது. பெரிய அதிகாரி பார்வையிட்டுப் பாராட்டி...'"

குரல் அதோடு நின்றது. விரல் மட்டும் தேதியின்மேல் போய் நின்றது. அவனுக்கு அடிபடுவதற்கு இரண்டு மாதம் முந்தைய தேதி.

ஏழாம் வளைவில், "நிறுத்துங்க மாமா" என்றான்.

நிறுத்தினார். அவன் புத்தகத்தை மூடாமல் முன்கண்ணாடி வழியாக எங்கோ பார்த்தான்.

"நீங்க தெரிஞ்சு செய்யல. அது எனக்குப் புரியுது" என்றான். "ஆனா நேத்து நான் அந்தக் கத்து கத்தினப்போ, உங்களுக்குத் தெரியுமா?"

அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை. "தெரியும்."

மச்சான் தலையாட்டினான். புத்தகத்தைச் சீட்டில் வைத்தான். கதவைத் திறந்து, கட்டையை முதலில் இறக்கி, பிறகு தன்னை இறக்கிக்கொண்டான். வந்த வழியே, கீழ்நோக்கி, ஊன்றி ஊன்றி நடக்க ஆரம்பித்தான். பத்து கிலோமீட்டர் இறக்கம் அது.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நின்றுவிட்டால் இறங்கலாம். பானட்டைத் திறந்து, துணியைப் போட்டுவிட்டு, பன்னிரண்டு நிமிடம் யார் முகத்தையும் பார்க்காமல் குனிந்தே நிற்கலாம். தன் வாழ்நாளில் முதல் முறையாக, நின்று தொலையேன் என்று அந்த ஜீப்பிடம் கெஞ்சினார்.

அது நிற்கவில்லை.