ஒரே வருடம் ஆடியவர்கள்

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, துண்டால் ஒரு முறை, காகிதத்தால் ஒரு முறை துடைத்து, ஈரம் இருக்கிறதா என்று உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார் வெண்டல் புரோகோப். அதன்பிறகுதான் பெட்டி திறக்கும்.

"ஆபரேஷனுக்குக்கூட டாக்டர் இவ்வளவு கழுவ மாட்டார்" என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பார் மனைவி ஆர்லீன்.

"நோயாளி தேறிடுவான். மை அழிஞ்சா போனதுதான்."

டொலிடோவில் எங்களுக்குப் பக்கத்து வீடு. தபால் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவர். பழைய பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளை அந்தப் பெட்டியில் சேர்க்கிறார். ஒவ்வொன்றிலும் அந்த ஆளின் கையெழுத்து இருக்க வேண்டும். நட்சத்திரங்களை மட்டும் சீந்துவதில்லை.

"அவங்க கையெழுத்து ஊர் பூரா கெடக்கு. ஒரே வருஷம் ஆடிட்டு வீட்டுக்குப் போனான் பாரு, அவன்கிட்ட யார் கேப்பா?"

இவர் கேட்பார். அட்டை, தபால்தலை ஒட்டிய பதில் உறை, கையால் எழுதிய ஒரு பக்கக் கடிதம் மூன்றையும் அனுப்புவார். அப்படிக் கையெழுத்தோடு திரும்பி வந்தவை நானூற்றுப் பதினொன்று. சந்தேகம் தட்டிய கையெழுத்தை அன்றே கிழித்துப் போட்டுவிடுவார். நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றிலும் அவருக்குப் பெருமை, 1957இல் மட்டும் பந்து வீசிய கிளைட் பென்ரோஸின் அட்டை. மூன்று கடிதங்களுக்குப் பதிலே இல்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் எழுதிய நான்காவதற்கு வந்தது.

போன மாதம் பென்ரோஸ் இறந்த செய்தியைப் படித்ததும் துக்கம் கேட்கக் கிளம்பினார். கார் ஓட்டியது நான். போர்ட் வெய்ன் ஊரில், பென்ரோஸின் வீட்டில், அவர் மனைவி நோரீன் எங்களுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். வெண்டல் நீட்டிய அட்டையைப் பார்த்ததும் கெண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இது அவர் போட்டதில்லைங்க. கை நடுக்கத்துல பேனாவே பிடிக்க முடியல. அப்படியே திருப்பி அனுப்பிடுன்னார். நாலு தடவ எழுதியிருந்தீங்க, எனக்கு மனசு கேக்கல. நான்தான் போட்டேன். மன்னிச்சிடுங்க."

வெண்டலின் காதுமடல் சிவந்தது. அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கிழிக்கும்போது பிடிப்பதுபோலவே விரல்கள் அதன் இரு முனைகளையும் பிடித்திருந்தன.

"என் கடிதத்தை அவர் படிச்சாரா?"

"நான் படிச்சுக் காட்டினேன். அவர் வீசின ஒரு பந்தைப் பத்தி எழுதியிருந்தீங்களே, அதை மட்டும் மூணு வாட்டி படிக்கச் சொன்னார். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் சிரிச்சது அன்னிக்குத்தான்."

வெண்டல் அட்டையை மேசையில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, அட்டையையும் பேனாவையும் நோரீன் பக்கம் நகர்த்தினார்.

"கீழ இடம் இருக்கு. உங்க பேரையும் போடுங்க."