பத்து நிமிடம் முந்திய ஃபோன்

“இதுவும் எடுக்கலை மோனே. நான் பாத்துப் பாத்துத்தான் அடிக்கறேன், சத்யமா.” அக்கா அன்று ஃபோனில் சொன்னதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நாங்கள் வேலை பார்த்த நிறுவனத்தின் மேல் பாதி, என் மேல் பாதி. கொச்சியில், மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்கிற ஒரு கிடங்கின் அலுவலகத்தில், கப்பல் ஆவணங்களைத் தயார் செய்துகொண்டிருந்தவர் அவர். மற்ற எல்லோருக்கும் சேச்சி. வீட்டில் தமிழ் பேசுகிற எனக்கு மட்டும் அக்கா. அவருக்கு நான் மோனே, மகன். நான் வைட்டிலாவில் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து, கம்ப்யூட்டருக்குள் நுழைய முடியவில்லை என்று கூப்பிடுகிறவர்களுக்கு வழி சொல்லும் வேலையில் இருந்தேன்.

கடவுச்சொல்லை அடித்த பிறகு ஆறு இலக்க எண் ஒன்றையும் அடிக்க வேண்டும். அதுவரை அந்த எண் குறுஞ்செய்தியாக வந்துகொண்டிருந்தது, யாருக்கும் தொல்லையில்லை. திடீரென்று ஒருநாள், இனி எல்லோரும் ஃபோனில் ஒரு செயலியை வைத்துக்கொண்டு அது காட்டுகிற எண்ணைத்தான் அடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அரை நிமிடத்துக்கு ஒருமுறை மாறுகிற எண். அன்றிலிருந்து அக்காவுக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. செயலியை நீக்குங்கள், மறுபடி போடுங்கள், ஃபோனை அணைத்துப் போடுங்கள் என்று கிளிப்பிள்ளை மாதிரி மூன்று நாள் அதையே சொன்னேன். எழுந்து போய் ஒருதரம் நேரில் பார்க்க என்ன கேடு எனக்கு? போகவில்லை. ‘பலமுறை விளக்கியும் தவறான எண்ணையே அடிக்கிறார்’ என்று புகார்க் குறிப்பில் எழுதி வேலையை முடித்துக்கொண்டேன்.

அந்த வாரம் பார்த்து, வெளியே போகக் கூடாத ஒரு விலைப்பட்டியல் போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. யாரையாவது பிடிக்க வேண்டுமே! அக்காவின் கணக்கில் ஐம்பது அறுபது தோற்றுப்போன நுழைவு முயற்சிகள் பதிவாகியிருந்தன. போதாதா? தன் கடவுச்சொல்லை வெளியாளிடம் கொடுத்திருக்கிறார், அவன்தான் இப்படி முட்டிப் பார்த்திருக்கிறான் என்று முடிவு கட்டி, விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். அதில் ஆதாரமாக ஒட்டியிருந்தது என் குறிப்பு. ஒரு நாள்கூடத் தாமதமாக வராத மனுஷி. இருபது வருஷ உழைப்புக்கு அவர்கள் கொடுத்த பெயர் திருடி.

அதைப் படித்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்து, திங்கட்கிழமை காலையில் கொச்சங்காடிக்கு ஓடினேன். அக்கா சாயா வாங்கி வைத்துவிட்டு ஃபோனை நீட்டினார். அதில் மணி பத்து இருபது. என் கைக்கடிகாரத்தில் பத்து பத்து. “ஃபோன் மணி தப்பா இருக்கே அக்கா” என்றேன். “தப்பில்லை மோனே, நான்தான் பத்து நிமிஷம் ஏத்தி வெச்சிருக்கேன். ஆலுவாலேந்து ட்ரெயின் பிடிச்சு, எறணாகுளத்திலே போட் பிடிச்சு வரணுமே. போட் போயிட்டா அரைநாள் லீவுன்னு எழுதிடுவா இங்கே” என்றார். எனக்கு மண்டையில் அடித்தாற்போல் இருந்தது. ஃபோனின் நேரத்தை வைத்துத்தான் அந்தச் செயலி எண்ணையே உண்டாக்குகிறது. பத்து நிமிடம் கழித்து வர வேண்டிய எண்ணைத்தான் பாவம் அவர் ஒவ்வொரு தடவையும் சரியாக அடித்துக்கொண்டிருந்தார். நேரத்தைத் திருத்தினேன், முதல் தடவையிலேயே திறந்துகொண்டது. “அப்போ நான் ஒண்ணும் செய்யலைன்னு நீ அவாகிட்டே சொல்லுவியா?” என்று கேட்டார். சொல்கிறேன் என்றேன்.

என் மேலதிகாரியிடம் சொன்னபோது அவர் கூசாமல் சொன்னார்: “சும்மா இரு. நம்ம குறிப்பு தப்புன்னு நாமே போய்ச் சொல்றதா? உன் கான்ட்ராக்ட் அடுத்த மாசம் முடியறது, ஞாபகம் இருக்கட்டும்.” புதன்கிழமை விசாரணையில் அக்கா தானே எழுந்து கடிகார விஷயத்தைச் சொன்னார். விசாரித்த பெரியவர் சிரித்தார். “கடிகாரத்துக்கும் அந்த நம்பருக்கும் என்ன சேச்சி சம்பந்தம்?” என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அக்காவும் என்னைப் பார்த்தார். என் வாயில் கொழுக்கட்டை. மேஜையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று மாலையே அக்காவை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

இப்போது வேறிடத்தில் இதே வேலைதான் பார்க்கிறேன். எண் எடுக்கவில்லை என்று யார் கூப்பிட்டாலும் முதலில் ஃபோனில் மணி என்ன என்று கேட்கிறேன். பெரிய கெட்டிக்காரன் என்று இங்கே பெயர்.

அன்று, விசாரணை முடிந்த பிறகு இரண்டு இரவு தூக்கமில்லாமல், நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை அக்கா அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வைட்டிலாவுக்கு வந்தார். படிக்கட்டில் நிறுத்தி நீட்டினேன். நின்றபடியே முழுவதும் படித்தார். நான்காக மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார்.

“புதன்கிழமை வேண்டியிருந்தது மோனே, இது” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.