தணலை எப்போது எடுப்பது

தம்ரூட் செய்யக் கற்றுக்கொடுத்தபோது அம்மா எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் சொன்னாள். எந்த டம்ளரில் ரவை அளப்பது, பால் எவ்வளவு, கோவா எவ்வளவு, நெய்யை எப்போது ஊற்றுவது. ரவை வெந்து திரண்டதும் தேக்சாவை மூடி, அடியில் நெருப்பைக் குறைத்து, மூடிமேல் கரித்தணலைப் பரப்பிவிட வேண்டும். மேலும் கீழும் சூடு பட்டு அது கேக் மாதிரி வேகும். தணலை எப்போது எடுப்பது என்பதற்கு மட்டும் அவளிடம் கணக்கு கிடையாது.

"வாசனை வரும் பாரு, அப்ப எடுத்துடு."

"இப்பவே வருதேம்மா."

"இது நெய் வாசனை. அது வேற. வந்தா உனக்கே தெரியும்."

தெரிந்தது. அப்போது எனக்கு மூக்கு இருந்தது.

கொரோனா வந்துபோன பிறகு எனக்கு வாசனை திரும்பவே இல்லை. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். கம்பெனி பஸ் டேனரிக் கால்வாயைத் தாண்டும்போது எல்லோரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். "குடுத்து வச்சவடி நீ!" என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அம்மாவுக்குத்தான் பேஜார். வருஷா வருஷம் பராத் நோன்பு ராத்திரிக்குத் தம்ரூட் செய்யும்போது முதல் துண்டைப் பிட்டு, ஊதி, என் மூக்கருகே பிடிப்பாள். "இப்ப?" என்பாள். "இல்லம்மா." "வரும், வரும்" என்று அதை என் வாயில் திணிப்பாள். சின்னக் குழந்தையா நான்? எனக்கு எரிச்சலாக வரும். அதுவும் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போது. அந்த அக்காவை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. தம்ரூட் வெந்ததும் எவர்சில்வர் கிண்ணத்தோடு வந்து வாசலில் நிற்பாள். "உன் மூக்குல ஃபோன் வச்சிருக்கியா?" என்று அம்மா கிண்டல் செய்வாள்.

போன வருஷம் அம்மா மௌத்தானாள். அத்தரும் கற்பூரமும் வீடெல்லாம் மணந்தது என்றார்கள். எனக்கு அதுவும் பச்சைத் தண்ணீர்தான். நான் அழவில்லை. "கல்லாட்டம் நிக்குறாளே" என்று யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது. வீம்பெல்லாம் ஒன்றுமில்லை, அழுகை வரவில்லை. அப்புறமும் வரவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், சோறாக்கினேன். பெற்றவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் வராத பெண்ணா நான் என்று எனக்கே பயமாக இருந்தது.

இந்த வருஷப் பராத் வந்தது. அன்றைக்கு இறந்தவர்கள் பெயரில் இனிப்பு வைத்து ஓதுவோம். அம்மாவுக்கு அவளுடைய தம்ரூட்டைத்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். "கடைல வாங்கிக்கலாமே" என்றார் என் வீட்டுக்காரர். ஒரு முறை முறைத்தேன், அதோடு அந்தப் பேச்சு நின்றது. முந்தின நாளே ஒரு தடவை செய்து பார்த்தேன். புகை கண்ணைக் கரித்த பிறகுதான் அடி கரிந்தது எனக்குத் தெரிந்தது. அவ்வளவு கோவாவும் பாழ்.

மறுநாள் மத்தியானம் அக்காவிடம் போனேன்.

"அக்கா, அடுப்புகிட்ட வந்து உக்காருங்க. வாசனை வந்ததும் சொல்லுங்க."

"கிட்ட உக்காந்தா நெய்தான் பாப்பா அடிக்கும். நான் எங்க ஊட்லயே இருக்குறேன். நீ போய் தணலைப் போடு."

போட்டேன். இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பருகிலேயே நின்றேன். அக்கா வீட்டில் சீரியல் ஓடும் சத்தம் கேட்டது. அட, டிவியில் மூழ்கி மறந்துவிட்டாளோ? மூடியைத் திறந்து பார்த்தால் சூடு போய்விடும், அம்மா திட்டுவாள். திட்டுவதற்கு அவள் இல்லை என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அப்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

சீரியல் சத்தம் நின்றது. அக்கா வாசலில் நின்றாள், கையில் அதே கிண்ணம்.

"எடு, எடு, எடுத்துடு!"

தணலைத் தள்ளி மூடியைத் திறந்தேன். மேலே பொன்னிறமாக, ஓரம் மட்டும் சிவந்து, அம்மா செய்வது போலவே வந்திருந்தது. திரும்பிப் பார்த்தால் அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருக்கிறாள்.

"இன்னாக்கா?"

"உங்கம்மா இங்கயே நிக்குறாப்பல இருக்குது பாப்பா. உனுக்குத் தெரியல?"

தேக்சாமேல் குனிந்தேன். முகத்தில் சூடு அடித்தது. மூச்சை நன்றாக இழுத்தேன், இன்னொரு தடவையும் இழுத்தேன்.

"தெரியலக்கா."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, ஓரத்தில் ஒரு துண்டு பிட்டு, ஊதி, என் மூக்கருகே பிடித்தாள்.

"இப்ப?"

இல்லக்கா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.