எட்டு மூன்று நிமிடங்கள்

பின்னேரம் நான்கு மணி ஐந்து நிமிடம். அக்கரைப்பற்றுக்குச் சற்று வெளியே, பிரதான வீதியில், ஒரு நீர்ப்பாசனத் திட்ட அலுவலகம். எண்பதுகளின் நடுவில், சிறுபோக நெல் விதைப்பு தொடங்கவிருந்த நேரம். கொழும்புக்குப் போட்டிருந்த ட்ரங்க் கோல், தூர இடத் தொலைபேசி அழைப்பு, அந்த நிமிடத்தில்தான் அறுந்தது.

நான் அங்கு வேலை செய்பவள் அல்ல. கல்முனைக்குடியில் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை. என் மூத்த மகள்தான் அந்த அலுவலகத்தில் கொம்பியூட்டர் இயக்குபவள். மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு என்று வானொலியில் சொன்னதும், அவளைக் கையோடு கூட்டிவர பஸ் ஏறி வந்திருந்தேன். திரும்பிப் போகக் கடைசி பஸ் நாலரைக்கு. ஆறு மணிக்குப் பிறகு வீதியில் நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்று எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும்.

மகளோ எழும்புவதாக இல்லை. வாய்க்கால்களில் அளந்த தண்ணீர்க் கணக்கு முழுவதும் அந்தக் கொம்பியூட்டருக்குள் இருந்தது. மறுநாள் காலையில் கொழும்பில் கூட்டம். கணக்குப் போய்ச் சேராவிட்டால் வாய்க்கால் முடிவில் கிடக்கும் வயல்களுக்கு அந்தப் போகம் தண்ணீர் கிடைக்காது. வழமையாக ஒரு ஃப்ளொப்பித் தட்டில் பதிந்து பஸ்ஸில் கொடுத்தனுப்புவார்கள். அன்று கொழும்பு பஸ் ஓடவில்லை. தொலைபேசிதான் ஒரே வழி. ரிசீவரை இரண்டு ரப்பர் கிண்ணங்களில் குப்புற வைத்தால், அருகிலிருந்த சின்னப் பெட்டி எழுத்துகளைக் கீச்சொலியாக்கிக் கம்பியில் அனுப்பும்.

அவளுடைய பொறியியலாளர் மூன்று நிமிடக் கோல் ஒன்றைப் பதியச் சொல்லிவிட்டு, இருந்த ஒரே ஜீப்பில் அம்பாறைக்குப் போய்விட்டார். தூர இடத்துக்கு நாங்கள் கதைப்பதே மூன்று மூன்று நிமிடமாகத்தான். ஒவ்வொரு மூன்று நிமிடம் முடியும்போதும் ஒபரேட்டர் குறுக்கே வந்து, நீடிப்பதா வெட்டுவதா என்று கேட்பார். அன்றும் கேட்டார். அவருடைய குரல் விழுந்ததும் போய்க்கொண்டிருந்த எழுத்துகள் குப்பையாகி, இணைப்பும் அறுந்தது. இனி முதலிலிருந்து அனுப்ப வேண்டும்.

நான் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்பதாயிரம் எழுத்து. பெட்டியில் செக்கனுக்கு முந்நூறு என்று போட்டிருந்தது. வகுத்தால் இரண்டேகால் நிமிடம்கூட இல்லை. மூன்று நிமிடம் போதாதா என்று கேட்டேன்.

“அது எழுத்து இல்ல உம்மா, துண்டு,” என்றாள்.

ஓர் எழுத்துக்கு எட்டுத் துண்டு, அதாவது பிட். கம்பியில் போகும்போது தொடக்கத்தைக் காட்ட ஒன்று, முடிவைக் காட்ட ஒன்று, ஆகப் பத்து. அப்படியென்றால் செக்கனுக்கு முப்பது எழுத்துத்தான் போகும். பொறியியலாளரும் என்னைப் போலத்தான் வகுத்திருக்கிறார். புதிதாக வந்த ஹார்ட் டிஸ்க் செக்கனுக்கு ஐம்பது இலட்சம் துண்டு தரும் என்ற பெருமை வேறு அவருக்கு.

“அம்பது லச்சம் பெட்டிக்குள்ளதான் உம்மா. வாசலத் தாண்டினா முன்னூறு.”

கண் இமைக்கும் முன் டிஸ்க் எடுத்து நீட்டும் அதே கணக்கு, கொழும்புக்குப் போய்ச்சேர இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் எடுக்கும். பதறிக்கொண்டிருந்த எனக்கே ஒரு கணம் பதற்றம் மறந்து போயிற்று. இவ்வளவையும் இவள் எப்போது படித்தாள்?

வெளியே கடைசி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. வயல் பெரிதா, நீ பெரிதா என்று கேட்டேன். அவள் அக்கரைப்பற்றுத் தொலைபேசி நிலையத்தை அழைத்தாள்.

அங்கே இருந்தவர் ஒரு தமிழர், நாங்கள் முஸ்லிம்கள். தினமும் குரலைக் கேட்டிருக்கிறாள், முகத்தைக் கண்டதில்லை. இவள் துண்டு, எழுத்து என்று தொடங்க, அவர் மறித்துக் கேட்டது எனக்கும் கேட்டது.

“அதெல்லாம் எனக்கு விளங்காது தங்கச்சி. எத்தின மூண்டு நிமிசம்?”

“எட்டு, அண்ணன்.”

மறுமுனையில் அவர் ஒரு தரம் இருமினார்.

“எட்டு மூண்டு நிமிசத்துக்கு நான் வாய் திறக்கப்படாது. கல்முனையும் திறக்கப்படாது, கொழும்பும் திறக்கப்படாது.”

“ஓம் அண்ணன்.”

“இந்த நாளையில,” என்று சிரித்தார். “சரி, கேட்டுப் பாக்கன்.”

லைன் போகும் வழியில் கல்முனை நிலையத்தில் இருந்தவர் எங்கள் ஆள். கொழும்பில் ஒரு சிங்களப் பெண். அந்தத் தமிழர் அவர்களிடம் என்ன சொன்னாரோ தெரியாது. ஐந்து மணிக்குச் சற்றுப் பின் லைன் கிடைத்தது. மகள் ரிசீவரைக் கிண்ணங்களில் வைத்து, பேச வேண்டாம் என்று எனக்கு விரலைக் காட்டினாள். அறைக்குள் எழும் சத்தமும் கிண்ணத்துக்குள் போய்விடுமாம்.

முதல் மூன்று நிமிடம் கடந்தது. யாரும் குறுக்கே வரவில்லை. இரண்டாவதும் கடந்தது. பாதிக்கு மேல் போயிருக்கும்போது, ஊரடங்கை அறிவித்துக்கொண்டு ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று வீதியில் வந்தது. அவளை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்றுதான் எழும்பினேன். ஆனால் என் கைகள் முந்தானையைச் சுருட்டி ரிசீவரைப் பொத்தின. மேலே குனிந்து என் நெஞ்சாலும் மூடிக்கொண்டேன். அதற்குள்ளே அந்தக் கீச்சொலி ஒரு குஞ்சைப் போலத் துடித்துக்கொண்டிருந்தது. ஜீப் கடந்து போயிற்று.

கொழும்பிலிருந்து முழுதும் கிடைத்ததாகத் திரையில் எழுத்து வந்தபோது மகள் அழுதாள். தொலைபேசி மணி அடித்தால் இன்றும் அந்தக் கீச்சொலி எனக்குக் கேட்கும். ஒருவரையொருவர் நம்பக் கூடாது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், முகம் தெரியாத மூன்று பேர் சேர்ந்து காத்த அந்த மௌனமும் அதோடு காதில் வரும்.

அப்போது ஆறுக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. அறையைப் பூட்டிவிட்டு வாசலில் நின்றோம். வீதியில் ஒரு சைக்கிள்கூட இல்லை. வாயில் வந்த ஓதலெல்லாம் ஓதிக்கொண்டு மகளின் கையைப் பிடித்திருந்தேன்.

ஊரடங்குப் பாஸ் ஒட்டிய தபால் வான் ஒன்று வந்து எங்கள் முன்னே நின்றது. தொலைபேசி நிலையத்தடியிலிருந்து கல்முனைக்குப் போகிற வான். முன் கதவைத் திறந்து, கழுத்தில் துவாய் சுற்றிய ஒரு மனிதர் இறங்கினார். முகம் சிவந்து, கண்ணெல்லாம் நீர். லைன் விழுந்தால் உடனே பிடிக்க வேண்டும் என்று, கடைசி வரை தன் பக்கத்து லைன் சுவிட்சைத் திறந்தே வைத்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் ஒரு சின்னச் சத்தம் போட்டிருந்தாலும் எல்லாம் குப்பையாகியிருக்கும்.

எங்களை ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு மகளைப் பார்த்து, அடைத்த தொண்டையால் கேட்டார்:

“தங்கச்சி, இனி நான் இருமலாமா?”