பிரித்த தையல்

அறக்கட்டளை கொடுத்த தையல் மிஷினால் தலையெடுத்த அந்தப் பெண், ஆண்டு விழாவுக்குப் புதுச் சட்டையில் பளிச்சென்று வந்திருந்தாள். படம் எடுக்க வந்த கேமராக்காரருக்கு மனசு குளிர்ந்தது. செயலாளருக்குத்தான் பொறுக்கவில்லை. கேமராக்காரரின் காதைக் கடித்தார்.

"இவ்வளவு நல்லா இருந்தா அடுத்த வருஷம் எவன்யா நன்கொடை குடுப்பான்? போன வருஷம் கிழிஞ்ச சட்டையோட எடுத்த படம் மாதிரி வேணும்."

இதை அவளிடம் எந்த வாயால் சொல்வது? கேமராக்காரர் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டவள், பையிலிருந்து பழைய சட்டையை எடுத்தாள்.

"கேப்பீங்கன்னு தெரியும்ணே. மிஷின் வந்ததும் முதல் வேலையா இந்தக் கிழிசலைத்தான் தைச்சேன். காலையில உக்காந்து தையலைப் பிரிச்சுட்டேன். படத்துல கிழிசல் தெரியுமில்ல?"

தெரிந்தது. பாழாய்ப்போன படம், அருமையாக வந்து தொலைத்தது.